ஐந்தாவது கியர்

யோகோசுகா, ஜப்பான்
9 பிப்ரவரி 1997

அன்புத் தங்கை மெய்லினுக்கு,

உன் அண்ணன் ரோடெல் கூயா எழுதுவது. கப்பலின் இன்ஜின் அறைச் சூட்டில் பாதி வெந்துவிட்டேன், மீதிப் பாதி சுகமாக இருக்கிறது. முதியோர் இல்லத்தில் ஆளைத் தூக்கித் தூக்கி வந்த உன் இடுப்பு வலி இப்போது எப்படி? டாடியின் சர்க்கரை?

போனில் இதைப் பேச முடியாது. டாடி பக்கத்திலேயே நின்று மூச்சு விடுவார். அதனால்தான் கடிதம். கவனமாகப் படி.

நவம்பரோடு கடற்படையில் என் நாலு வருட ஒப்பந்தம் முடிகிறது. தொடர்கிறேனா, வெளியேறுகிறேனா என்று ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் சொல்லியாக வேண்டும். ஹைலாண்ட் அவென்யூவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஃபெர்டி என்னைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறான். எனக்கு முதல் போட வழியில்லை என்று அவனுக்குத் தெரியும். "காசு வேணாம்டா. அக்டோபர் கண்காட்சிக்கு உன் சிவிக் காரை முழுசா முடிச்சுக் கொண்டாந்து நிறுத்து. அதுதான் உன் பங்கு" என்றான். வண்டி முடிந்தால் நான் வெளியே. முடியாவிட்டால் இன்னொரு நாலு வருடம் இந்தக் கொதிகலன்தான்.

ஆகவே கணக்கு. பிரேக் 450 டாலர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் 700. சக்கரம், டயர் 800. ஜப்பான் இன்ஜினும் அதோடு வரும் கியர் பாக்ஸும் 2,800. பொருத்துகிற கூலி 500. பெயிண்ட் 600. எதிர்பாராததற்கு 250. மொத்தம் 6,100. வங்கியில் 3,700 இருக்கிறது. மாதம் 400 என் சம்பளத்தில் பிடித்து அங்கே வரும். ஜூலையோடு சரியாகிவிடும். வரிசையை மாற்றாதே. முதலில் பிரேக். நிற்கத் தெரியாத வண்டி ஓடி என்ன செய்யப் போகிறது?

கணக்கு உன் பெயரிலும் என் பெயரிலும்தான். டாடி பெயரைச் சேர்க்காதே. அவரை எனக்குப் பிடிக்காமல் இல்லை, அவரைத் தெரியும், அவ்வளவுதான்.

உன் கூயா,
ரோடெல்


நேஷனல் சிட்டி
2 மார்ச் 1997

மதிப்பிற்குரிய இன்ஜின் அறை மகாராஜாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். இடுப்பு வலி போய் இப்போது தோள்பட்டைக்கு மாற்றலாகியிருக்கிறது. டாடிக்குச் சர்க்கரை 180. கேட்டால், "மெஷின் பொய் சொல்லுது" என்கிறார்.

பிரேக் மாட்டியாயிற்று. போன சனிக்கிழமை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் ஆயிற்று. ரசீது உள்ளே வைத்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்து 1,150, நீ சொன்னதில் ஒரு சென்ட்கூட ஏறவில்லை. ஃபெர்டிக்கே ஆச்சரியம். "உங்கண்ணன் கப்பல்ல இருந்துக்கிட்டே என் சட்டைப் பையை எண்ணிட்டானே" என்றான். வண்டி தரையோடு தாழ்ந்து ஒரு பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கைத் தொட்டால் போதும், மடியில் இருந்த பான்சிட் நூடுல்ஸ் தட்டு முன் கண்ணாடிக்குப் போய்விடுகிறது. சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது, உன் தயவால்.

டாடி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பழைய தகரத்துக்கு இவ்வளவா? ஆறாயிரத்துக்கு ஊர்ல ஒரு மாடியே எழுப்பலாம்" என்றார். ஆறாயிரம் என்று நான் சொல்லவில்லை, கூயா. உன் கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மன்னித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மெய்லின்


யோகோசுகா
23 மார்ச் 1997

அன்புள்ள மெய்லினுக்கு,

ரசீதும் நீயும் நலமாக வந்து சேர்ந்தீர்கள். நானும் நலம், கையில் சின்னச் சூடு மட்டும்.

ரசீதை என் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பக்கத்துப் படுக்கை பெனிக்னோ, நம் பங்கசினான் ஊர்க்காரன்தான், தன் தலைமாட்டில் நடிகை படம் ஒட்டியிருக்கிறான். "உனக்குப் புத்தி பிசகிடுச்சு" என்கிறான். இருக்கட்டும்.

துறைமுகத்துக்கு வெளியே தெருவில் நாம் தேடும் இன்ஜின் போட்ட வண்டிகள் காய்கறி வாங்கப் போகின்றன. இங்கே வாங்கி அனுப்பலாமா என்று விசாரித்தேன். கப்பல் கூலிக்கு லாங் பீச் இறக்குமதிக் கடையே மலிவு. சக்கரம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இன்ஜின் விலை ஏறுகிறதாம். ஏப்ரலுக்குள் பிடித்துவிடு. பணம் போதும், மூன்று மாதப் பிடித்தமும் சேர்ந்து கையில் 3,750 இருக்கும்.

டாடி கடிதத்தைப் படித்தது படித்ததுதான். வேறென்ன சொன்னார்?

உன் கூயா,
ரோடெல்


நேஷனல் சிட்டி
8 ஏப்ரல் 1997

அன்புள்ள கூயா,

எல்லாரும் சௌக்கியம். சூடு பட்ட கைக்கு மருந்து போட்டாயா?

அவசரமாக எழுதுகிறேன், பெட்டி பாதிதான் கட்டியிருக்கிறது. நாளன்றைக்கு நானும் டாடியும் ஊருக்குப் போகிறோம், நாலு வாரம். மே முதல் வாரம் ஊர்த் திருவிழா. இந்த வருடம் டாடியை உபயதாரராக இருக்கச் சொல்லிப் பாதிரியாரே எழுதியிருக்கிறார். அதை டாடி நாலு வீட்டுக்குப் படித்துக் காட்டிவிட்டார். "இருபது வருஷம் கப்பல்ல அதிகாரிங்களுக்கு சூப் ஊத்தினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊர் என் கையால சாப்பிடட்டுமே" என்றார். அம்மா போன பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறார். வெள்ளை, சிப்பி மாதிரி கை. போட்டோ அனுப்புகிறேன்.

இன்ஜின் விஷயம் வந்து எழுதுகிறேன்.

மெய்லின்


கடலில்
4 மே 1997

அன்புள்ள மெய்லினுக்கு,

நான் நலம். நீங்கள் போன இடத்தில் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. இன்ஜின் பிடித்தாயா, இல்லையா? ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். ஒப்பந்த அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "தொடர்ந்தா ஏழாயிரம் டாலர் கையெழுத்துப் பணம் வரும். வெளியில போய் என்ன பண்ணப் போறே, டும்லாவ்?" என்றார். பட்டறை வைக்கப் போகிறேன் என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன், எனக்குத்தான் வண்டி தயாராகிக்கொண்டிருக்கிறதே.

திருவிழாவுக்கு டாடி தன் சேமிப்பை எடுத்தாரா? அவரிடம் அவ்வளவு ஏது? சும்மா கேட்கிறேன்.

ரோடெல்


நேஷனல் சிட்டி
25 மே 1997

அன்புள்ள கூயா,

பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டோம். எனக்கு வயிறு இரண்டு நாள் சரியில்லை, இப்போது தேவலை. டாடி ஊர்ச் சாப்பாட்டில் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார்.

திருவிழா நன்றாக நடந்தது. மழை வரவில்லை.

இன்ஜின் போட்டாயிற்று! ஃபெர்டிக்குப் பட்டறையில் வேலை அதிகம், அதனால்தான் அவன் உனக்கு எழுதவில்லை, நீயும் அவனைத் தொந்தரவு செய்யாதே. போன ஞாயிறு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். கூயா, அது வேறு வண்டி! முதல் கியர், இரண்டு, மூன்று, நாலாவது போட்டதும் அப்படியே பறந்தது. அதற்கு மேல் போட ஒரு கியர் இல்லையே என்று இருந்தது எனக்கு. பக்கத்தில் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து வாழ்த்தினார். நீ இருந்து ஓட்டியிருக்க வேண்டும்.

மீதி வேலை மெதுவாக ஆகட்டும், அவசரப்படாதே.

டாடி உன்னை விசாரித்தார்.

மெய்லின்


யோகோசுகா
15 ஜூன் 1997

மெய்லின்,

நலம்.

நாலு கியர் இருப்பது நம் பழைய பெட்டியில். ஓய்வுபெற்ற டீச்சரம்மாவிடம் நான் ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிய அன்றிலிருந்து அதில் நாலுதான். நான் கேட்ட இன்ஜினோடு வரும் கியர் பாக்ஸில் ஐந்து. கியர்க் குமிழ் மேலேயே அச்சடித்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் கை சொல்லும்.

ஐந்தாவது எங்கே?

ரோடெல்


நேஷனல் சிட்டி
6 ஜூலை 1997

அன்புள்ள கூயா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நாலு முறை எழுதிக் கிழித்தேன். உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இன்ஜின் போடவில்லை. வாங்கவும் இல்லை. டாடி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். 3,400. வீட்டுக்கு வந்ததும் திருப்பி வைத்துவிடுவேன் என்று அம்மா படத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். வந்ததும் விமான டிக்கெட்டின் கிரெடிட் கார்டுக் கடன் கழுத்தைப் பிடித்தது. மே, ஜூன் மாதத்தில் நீ அனுப்பியதும் அதற்கே போய்விட்டது. ஜூலையும் போகும். அவர் திருப்பி வைத்ததும் இன்ஜினைப் போட்டுவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம் என்றுதான் அந்தப் பொய்யை எழுதினேன்.

நீ கணக்குக் கேட்பாய். சுட்ட பன்றி ஐந்து, 550. இரண்டு வாத்தியக் கோஷ்டி, 480. நானூறு பேர் சாப்பாடு, 720. தேவாலயத்துக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் 150. உறவுக்காரர்களுக்குச் சாமான் பெட்டிகள் அனுப்பிய கூலி 300.

நான் தடுத்தேன், கூயா. "அது கூயாவோட பணம்"னு சொன்னேன். "அவன் என் பையன். அவன் பணம் வேற, என் பணம் வேறயா? கார்னா நாலு வருஷம். ஊர்ல பேருன்னா நாலு தலைமுறை" என்றார். அவரிடம் யார் பேசுவது? நீ பேசியிருப்பாயா? நீயும் கப்பல் ஏறியது அவர் சொல்லித்தானே.

சாப்பாட்டுப் பந்தியில் டாடி உட்காரவே இல்லை. கடைசி ஆள் கை கழுவும்வரை நின்றுகொண்டே பரிமாறினார். பழக்கம்.

என்னை வெறுக்காதே.

மெய்லின்


யோகோசுகா
24 ஜூலை 1997

அன்புள்ள மெய்லினுக்கு,

நான் நலம்தான். உன்னை வெறுக்கவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

டாடி நின்றுகொண்டு பரிமாறினார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று நாள் படித்தேன். சின்ன வயதில் அவர் கப்பலுக்கு நாம் போனோமே, ஒரு பொடியன் அதிகாரி, அவருக்கு மகன் வயது இருக்கும், சூப்பு ஆறிவிட்டது என்று விரலைச் சொடுக்கினான். டாடி "மன்னிக்கணும் சார்"னு ஓடினார். எனக்கு அது மறக்கவில்லை. அதனால் அவர் அந்த ஒரு நாளுக்கு ஆசைப்பட்டதை என்னால் திட்ட முடியவில்லை. திட்டத்தான் ஆசை.

ஆனால் கணக்கு இடிக்கிறது. நீ எழுதிய ஐந்தையும் கூட்டினால் 2,200. எடுத்தது 3,400. நடுவில் 1,200 எங்கே?

ஏன் கேட்கிறேன் என்றால், இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஃபெர்டிக்கு நானே போன் போட்டேன். பின்பக்கம் அடிபட்ட வண்டி ஒன்று அவனிடம் வந்திருக்கிறதாம். இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்த்து 1,550-க்குத் தருகிறேன், கூலியும் பெயிண்ட்டும் நான் வந்த பிறகு உழைத்துக் கழிக்கலாம் என்றான். ஆகஸ்ட் கடைசிவரை எனக்காக வைத்திருப்பான். கணக்கில் 350 இருக்கிறது. அந்த 1,200 யாரிடமாவது மிச்சமாக இருந்தால், கைமாற்றாகக் கொடுத்திருந்தால், பாதியாவது திரும்பி வரும் என்றால், அதை மட்டும் சொல். நான் இங்கே கையெழுத்துப் போடாமல் காத்திருப்பேன்.

யாரையும் எதுவும் கேட்க மாட்டேன். எங்கே என்று மட்டும் சொல்.

உன் கூயா,
ரோடெல்


நேஷனல் சிட்டி
14 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கூயா,

நாங்கள் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். இங்கே வெயில் தாங்கவில்லை. டாடிக்குக் கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், இவர் டாக்டரைக் குறைத்துவிட்டார்.

உன் வண்டியைக் கழுவி மூடி வைத்திருக்கிறேன். பாட்டரி இறங்காமல் வாரம் ஒரு முறை ஓட்டுகிறேன்.

அந்த 1,200 வழிச்செலவாகத்தான் இருக்கும் என்று டாடி சொல்கிறார். ஊரில் காசு எப்படிக் கரைகிறது என்று உனக்குத் தெரியாதா? யாரிடமும் மிச்சமில்லை. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை, கூயா.

அந்த 7,000 டாலர் கையெழுத்துப் பணத்தை யோசித்துப் பார். அதில் இரண்டு இன்ஜின் வாங்கலாமே.

மெய்லின்


யோகோசுகா
2 செப்டம்பர் 1997

மெய்லினுக்கு,

நலம். டாடிக்குக் கால் வீக்கம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வைக்கச் சொல்.

ஏப்ரலில் ஒரு போட்டோ அனுப்புவதாக எழுதியிருந்தாய். வந்துவிட்டது. நீ அனுப்பியதல்ல. பெனிக்னோவின் அம்மா அவனுக்கு எழுதிய கடிதத்துக்குள் இருந்தது. "டேய், இது உன் தங்கச்சிதானேடா? நம்மூர்த் திருவிழா ராணி!" என்று அவன் அதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடம் முழுக்கச் சுற்றி வந்தான். வெள்ளைக் கவுன், சிப்பி மாதிரி கை, தலையில் கிரீடம், தோளுக்குக் குறுக்கே பட்டை. டாடி பக்கத்தில் நிற்கிறார். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

நம்மூரில் ராணியை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஓட்டு ஒன்று பத்து பெசோ. எந்த வீடு அதிக ஓட்டு வாங்குகிறதோ அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிரீடம். படத்தின் பின்னால் அந்தம்மாள் பெருமையாக எழுதியிருக்கிறார்: "டும்லாவ் மகள், 3,120 ஓட்டு." பெசோவில் முப்பத்தோராயிரத்து இருநூறு. டாலருக்கு இருபத்தாறு என்று வகுத்துப் பார்த்தேன். 1,200. ஒரு சென்ட் ஏறவில்லை.

அதை ஜூலையிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் காசு வந்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் "ஞாபகம் இல்லை" என்று எழுதினாயே. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க மலச்சட்டி எடுக்கிறவளுக்கு ஒரு நாள் கிரீடம் வைத்தார்கள். அது உனக்கு ஞாபகம் இல்லையாமா? பன்றியைக் கணக்கில் காட்டினாய், பூவைக் காட்டினாய், மெழுகுவர்த்தியைக்கூடக் காட்டினாய். டாடி மேல் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினாய். வங்கியில் போட்ட கையெழுத்து உன்னுடையது, மெய்லின். அவர் பெயர் அந்தக் கணக்கில் இல்லை.

எனக்கு வலிக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன்.

ஃபெர்டியிடம் இன்ஜினை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். "சரிடா" என்று மட்டும் சொன்னான். பங்காளியாக இன்னொருவனை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறான் போலிருக்கிறது, அவன் தொழிலை அவன் பார்க்க வேண்டாமா? வண்டியை நீயே வைத்துக்கொள். அருமையாக நிற்கும். அதற்குத்தான் முதலில் செலவு செய்தோம்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் நாலு வருடம். கையெழுத்துப் பணத்தைப் பற்றி யோசனை சொன்னதற்கு நன்றி, அது வேறு கணக்கில், என் ஒருவன் பெயரில் இருக்கிறது. மாதம் 400 இனி வராது.

கையெழுத்துப் போடும் அன்று கப்பலில் ஒரு வழக்கம் உண்டு, டாடியைக் கேட்டால் சொல்வார். குடும்பத்தில் ஒருவருக்கு நன்றிப் பத்திரம் தருவார்கள். கெட்டிக் காகிதம், தங்க முத்திரை, கேப்டன் கையொப்பம், "தங்கள் தியாகத்துக்கு நன்றி" என்று அச்சடித்திருக்கும். "யார் பேருக்குப்பா போடணும்? அம்மாவா, பொண்டாட்டியா?" என்று எழுத்தர் கேட்டார். மெய்லின் டும்லாவ் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் தபாலில் வரும். கிரீடத்துக்குப் பக்கத்தில் மாட்டி வை.

ரோடெல்